பல்வலி என்று எழுதிக்கொள்ளுங்கள்

எனக்குப் பல் வலித்தது. கீழ்த்தாடையில் வலப்பக்கம், கடைசிப் பல். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். மருத்துவமனையில் இதைப் பலமுறை சொன்னேன். ஒவ்வொரு முறையும் கேட்டவர்கள் தலையை அசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்கள்.

வீடு திரும்பி ஐந்து வாரங்கள் ஆகின்றன. ஈரல் ஏறக்குறையப் பழைய நிலைக்கு வந்துவிட்டதாகச் சென்ற செவ்வாய்க்கிழமை எடுத்த இரத்தச் சோதனை சொல்கிறது. தேர்வுகள் போய்விட்டன. பகல்கள் நீளமாக இருக்கின்றன. கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கும் எவருக்கேனும் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன். என் வீட்டில் இருப்பவர்கள் என்றாவது எடுத்துப் படிக்கக்கூடும் என்பதும் ஒரு காரணம்.

எங்கள் ஊர் போத்தனூருக்குத் தெற்கே இருக்கிறது. அப்பா இரண்டு லேத்துகள் போட்டுப் பம்புசெட்டுக்கான உதிரிப் பாகங்கள் கடைந்து கொடுக்கிறார். அண்ணன் சிவராஜ் அவருடன் பட்டறையில் இருக்கிறான். நான் பீளமேட்டில் ஒரு கல்லூரியில் முதுகலைத் தமிழ் இலக்கியம் இரண்டாம் ஆண்டு. காலையில் இரண்டு பேருந்து, மாலையில் இரண்டு பேருந்து.

அது பங்குனி மாதம். ஊர் மாரியம்மனுக்கு நோம்பி சாட்டியிருந்தார்கள். கோவில் முன்பு கம்பம் நட்டுத் திருவிழாவை அறிவிப்பதைச் சாட்டு என்போம். சாட்டிய நாள் முதல் பதினைந்தாம் நாள் மஞ்சள் நீராட்டு முடியும்வரை ஊர்க்காரர் எவரும் வெளியூரில் இரவு தங்குவதில்லை. நேர்ச்சை உள்ளவர்கள் நாளுக்கு ஒருவேளைதான் உண்பார்கள். அந்த ஆண்டு தீர்த்தக்குடம் எடுப்பதாக என் பெயரில் அம்மா வேண்டிக்கொண்டிருந்தார். ஈரோட்டிலிருந்து வந்திருந்த சம்பந்தம் கூடிவர வேண்டும் என்பது வேண்டுதல்.

மாப்பிள்ளை அங்கே ஒரு வங்கியில் வேலை பார்ப்பவர். பெண் பார்க்க வந்த அன்று, என் ஆய்வேடு எதைப் பற்றி என்று கேட்டார். இரண்டு வாக்கியத்தில் பதில் சொன்னேன். இரண்டாம் வாக்கியத்திலிருந்து அவர் இன்னொரு கேள்வி கேட்டார். அதாவது, சொன்னதைக் கேட்டிருந்தார். அவர்கள் போனபின் அப்பா என் எண்ணத்தைக் கேட்டபோது, "உங்க இஷ்டமுங்கப்பா" என்றேன். அதற்கு மேல் பேசும் பழக்கம் எனக்கில்லை. அந்தப் பழக்கமின்மைக்கு இவ்வளவு விலை இருக்கும் என்று நினைக்கவில்லை.

சாட்டிய ஏழாம் நாள் பல் வலிக்கத் தொடங்கியது. மறுநாள் கன்னம் வீங்கியது. பல் மருத்துவரிடம் போகலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். சாட்டு நாளில் பல்லைப் பிடுங்கி இரத்தம் காட்ட வேண்டாம், நோம்பி முடியட்டும் என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. இன்னும் ஒரு வாரம்தானே. கல்லூரி நிறுத்தத்தில் இறங்கியதும் எதிரே இருந்த மருந்துக்கடையில் போய் நின்றேன்.

எங்கள் பக்கத்துக் கடைகளில் நோயைச் சொன்னால் போதும். கடைக்காரர் அட்டைகளைக் கத்தரிக்கோலால் ஒவ்வொரு மாத்திரையாக வெட்டி, ஒரு வேளைக்கு வேண்டியதை ஒரு காகிதப் பொட்டலத்தில் போடுவார். அதற்குச் செட்டு என்று பெயர். எனக்குத் தந்த செட்டில் இரண்டு மாத்திரைகள் இருந்தன. ஒன்று நீளம், ஒன்று வட்டம். அட்டையை வெட்டியதில் மருந்தின் பெயர் துண்டு துண்டாகப் போயிருந்தது. ஒன்றில் இரண்டு எழுத்து, மற்றொன்றில் காலாவதி மாதத்தின் பாதி. ஏட்டுச்சுவடியில் பூச்சி அரித்த இடத்தில் என்ன எழுத்து இருந்திருக்கும் என்று மணிக்கணக்கில் தேடப் பயின்றவள் நான். அந்தப் பொட்டலத்தைப் பார்த்து எனக்கு எந்தக் கேள்வியும் எழவில்லை.

"காத்தால ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணுங்க. வலி எச்சா இருந்தா நடுவுல இன்னொண்ணு போட்டுக்குங்க. ஒண்ணும் பண்ணாதுங்க" என்றார் கடைக்காரர்.

நான் அப்படியே செய்தேன். வலி அதிகமாக இருந்ததால் நாளுக்கு நான்கு செட்டு. வலி தாடையிலிருந்து தலைக்கு ஏறியபோது, அம்மா மளிகைக் கடையில் வாங்கி வைத்திருந்த தலைவலி மாத்திரையைக் காப்பியோடு தந்தார், நாளுக்கு மூன்று. பல்லின் சீழால் காய்ச்சல் கண்டபோது, வகுப்புத் தோழி வசந்தி தன் பையிலிருந்து இரண்டு அட்டை காய்ச்சல் மாத்திரை கொடுத்தாள். அதிலும் நாளுக்கு மூன்று. பல்லுக்கு ஒன்று, தலைக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று என்று என் மனத்தில் அவை தனித்தனியாக இருந்தன. நான் உண்டது ஒருவேளைச் சோறு. அதையும் மெல்ல முடியாமல் மோரில் கரைத்துக் குடித்தேன்.

நான்கு நாள் இப்படிப் போயிற்று. ஐந்தாம் நாள் குமட்டல்; மாத்திரையை விழுங்கவே முடியவில்லை. ஆறாம் நாள் தீர்த்தக்குடம் எடுத்து வரும்போது கோவில் வாசலுக்குச் சற்று முன்பு வாந்தி எடுத்தேன். வெறும் வயிற்றில் வெயில் ஏறிவிட்டது என்று பெண்கள் முதுகைத் தடவினார்கள். அன்று மாலை சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போயிற்று. மறுநாள் காலை அம்மா என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டுக் கீழாநெல்லி பறிக்கப் போனார்.

மஞ்சள் காமாலை என்று வீட்டில் எல்லாரும் முடிவு செய்தோம். கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தார்கள். மருத்துவமனைக்குப் போனால் படுக்க வைத்துவிடுவார்கள். படுத்தால் வெளியூரில் இரவு தங்கியதாகிவிடும். மஞ்சள் நீராட்டு முடிய இரண்டு நாள்தான் இருந்தது. அந்த இரண்டு நாளும் வலது விலாவுக்குக் கீழே ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டதுபோல் இருந்தது. பல்வலியும் போகவில்லை. வசந்தி தந்த அட்டைகளில் மீதமிருந்தவற்றை அந்த இரண்டு நாளில் முடித்தேன்.

நோம்பி முடிந்த மறுநாள் விடிந்ததும் அண்ணன் வாடகைக் கார் கொண்டுவந்தான். கோவையின் பெரிய மருத்துவமனைகளுள் ஒன்று, பெயர் தேவையில்லை. காத்திருக்கும் கூடத்தில் என்னைப் போலவே மஞ்சள் பூத்த கண்களோடு நான்கைந்து பேர் இருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் எனக்கு ஓர் ஆறுதல். என் நோய் எல்லாருக்கும் வருவது, பெயருள்ளது, போய்விடக்கூடியது. பெரிய மருத்துவரும் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டுக் காமாலைதான் என்றார். தண்ணீர் மூலம் வரும் கிருமி என்றார். அம்மா தலையாட்டினார்.

மாலையில் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தபின் அந்த ஆறுதல் போயிற்று. ஈரலின் செல்களுக்குள் இருக்க வேண்டிய நொதிகள் சில உண்டு. செல் சிதைந்தால் அவை இரத்தத்தில் கசியும். நலமாக இருப்பவருக்கு அந்த எண் நாற்பதுக்குள் இருக்க வேண்டுமாம். எனக்கு ஆறாயிரத்தைத் தாண்டியிருந்தது. இன்னொரு சோதனை, இரத்தம் உறைய எத்தனை நொடி ஆகிறது என்பது. இரத்தத்தை உறையச் செய்யும் பொருள்களை ஈரல்தான் உண்டாக்குகிறது. ஈரல் ஓய்ந்தால் இரத்தம் உறைய மறுக்கும். பன்னிரண்டு, பதின்மூன்று நொடியில் உறைய வேண்டியது, எனக்கு நாற்பத்தொரு நொடி எடுத்தது. ஊசி குத்திய இடமெல்லாம் நாவற்பழ நிறத்தில் கன்றிப்போயிருந்தது.

என்னைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே ஓர் இளம் பெண் மருத்துவர் இருந்தார். கிருமிக் காமாலையில் எண் இவ்வளவு வேகமாக ஏறுவது அரிது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. மாத்திரை ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். எவ்வளவு என்றார். ஒரு தாள் கேட்டு வாங்கி, நாள் வாரியாக எழுதிக் கொடுத்தேன். முதல் நாள் பதினான்கு, இரண்டாம் நாள் பதினான்கு என்று நான்கு வரிசை. கடைசி இரண்டு நாளுக்கு மூன்று மூன்று. அண்ணன் வீட்டுக்கு ஓடிப்போய், மிஞ்சியிருந்த பொட்டலங்களையும் காலி அட்டைகளையும் கொண்டுவந்தான். மருத்துவர் அவற்றைக் கட்டிலின் மேல் பரப்பி, வெட்டிய துண்டுகளைச் சேர்த்துவைத்துப் பெயர்களைப் படித்தார். நீளமானது, வட்டமானது, தலைவலிக்கானது, காய்ச்சலுக்கானது. நான்கிலும் இருந்த மருந்து ஒன்றே: பாராசிட்டமால். ஒவ்வொன்றிலும் ஐந்நூறு மில்லிகிராம்.

அவர் எனக்கு விளக்கிச் சொன்னதை இங்கே எழுதுகிறேன். இந்தக் கட்டுரையில் பிறருக்குப் பயன்படும் பகுதி இதுதான்.

பாராசிட்டமால் நல்ல மருந்து, அளவுக்குள் இருக்கும்வரை. உடலில் அதன் ஒரு சிறு பங்கு நஞ்சாக மாறுகிறது. அந்த நஞ்சை முறிக்க ஈரலில் ஒரு பொருள் இருப்பில் உண்டு. மருந்து மிகுந்தால் இருப்பு தீர்ந்துவிடும். பிறகு நஞ்சு ஈரலையே அழிக்கத் தொடங்கும். பட்டினி கிடப்பவருக்கு இருப்பே குறைவு. நலமான வளர்ந்தவர் ஒரு வேளைக்கு ஐந்நூறு மில்லிகிராம் மாத்திரை ஒன்று, மிஞ்சினால் இரண்டு எடுத்துக்கொள்ளலாம். அடுத்த வேளைக்குக் குறைந்தது நான்கு மணி நேரம் பொறுக்க வேண்டும். ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்து எட்டு மாத்திரைக்கு மேல் ஒருபோதும் கூடாது. அந்த எட்டு, எல்லாப் பெயர்களையும் எல்லா நிறங்களையும் சேர்த்து எட்டு. சாப்பிடாதவர்கள், மெலிந்தவர்கள், குடிப்பழக்கம் உள்ளவர்கள், ஈரல் நோய் உள்ளவர்களுக்கு அதுவும் அதிகம். அவர்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும். பெயர் தெரியாத மாத்திரையை விழுங்கக் கூடாது. வெட்டிய அட்டையை வாங்காதீர்கள். அளவு மிஞ்சிவிட்டதாக ஐயம் வந்தால், உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று காத்திருக்கக் கூடாது. ஈரல் அழிவது முதல் ஒன்றிரண்டு நாள் வெளியே தெரியாது.

இதையெல்லாம் சொல்லி முடித்தபின் அவர் அம்மாவையும் அண்ணனையும் வெளியே இருக்கச் சொன்னார். திரையை இழுத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சுமதி, ஏதாவது மனக்கஷ்டமா? எங்கிட்டச் சொல்லலாம். நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்."

"இல்லீங்க டாக்டர். பல்லு வலிச்சுது."

"வீட்டுல கல்யாணம் பேசிட்டிருக்காங்களாமே."

"ஆமாங்க."

அவர் சற்று நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மிகவும் நல்லவர். எழுந்து போய்க் கோப்பில் ஏதோ எழுதினார். நான் மாத்திரைகளை எண்ணிக் கொடுத்த துல்லியமே எனக்கு எதிராகப் போயிற்று. தெரியாமல் சாப்பிட்டவள் இப்படி வரிசை போட்டு எழுதுவாளா என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

அந்த நஞ்சுக்கு ஒரு முறிவு மருந்து உண்டு. முதல் சில மணி நேரத்துக்குள் தந்தால் முழுப் பயன். தாமதமானாலும் தராமல் விடக் கூடாது என்றார்கள். அன்று கோவையில் அது கிடைக்கவில்லை. எர்ணாகுளத்தில் ஒரு மொத்தக் கடையில் இருப்பதாகத் தொலைபேசியில் கேட்டறிந்து, அண்ணன் ரயிலேறிப் போய் மறுநாள் காலையில் கொண்டுவந்தான். தண்ணீரில் கரைத்ததும் அழுகிய முட்டையின் நாற்றம் அடித்தது. அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "உன்ற கல்யாணத்துக்கு நல்ல சென்ட்டா வாங்கோணும்னு நெனச்சேன். எர்ணாகுளத்துல இதுதான் இருந்துச்சு" என்றான். நான் சிரித்தேன். சிரித்தபோது ஈறிலிருந்து இரத்தம் வந்தது. அந்த நாள்களில் நான் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

ஈரல் மிகவும் கெட்டால் நஞ்சு மூளைக்கு ஏறிவிடும் என்பதால், காலையும் மாலையும் செவிலியர் என் இரு கைகளையும் நீட்டி விரல்களை விரிக்கச் சொல்வார். கை பறவைச் சிறகுபோல் படபடக்கிறதா என்று பார்ப்பார். பிறகு ஒரு நோட்டில் என் பெயரை எழுதி, ஐந்து முனை நட்சத்திரம் ஒன்று வரையச் சொல்வார். முதல் நாள் எழுத்து என் எழுத்தாகவே இருந்தது. மூன்றாம் நாள் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தன. நட்சத்திரத்தின் கடைசிக் கோடு தொடங்கிய இடத்துக்கு வந்து சேரவில்லை. நான் அதைச் சரியாகத்தான் வரைந்திருக்கிறேன் என்று எண்ணினேன். செவிலியர் நோட்டை என் முன்னிருந்து மெதுவாக எடுத்துக்கொண்டு போனபோதுதான் பயந்தேன். எனக்கு இருப்பது எழுத்து ஒன்றுதான். அது போவது எனக்கே தெரியாமல் போகும் என்று அன்றுதான் தெரிந்தது.

மாத்திரையால் வந்த நோய் என்றால் மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நான்காம் நாள், கொஞ்சம் தெளிந்திருந்தபோது, ஓர் ஏட்டு வந்தார். ஐம்பது வயதிருக்கும். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அம்மாவுக்கு வணக்கம் சொன்னார்.

"ஏனுங் அம்மணி, பயப்படாமச் சொல்லுங்க. எதுக்காகச் சாப்பிட்டீங்க?"

"பல்வலிக்குங்க."

அவர் பேனாவை நிறுத்திக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தார்.

"எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்குதுங்க" என்றார் ஏட்டு. "பல்லுவலின்னா மேல இருக்கறவங்க நம்ப மாட்டாங்க. திருப்பித் திருப்பி வந்து கேப்பாங்க. வயித்துவலி தாங்காம, அளவு தெரியாம எச்சாப் போட்டுக்கிட்டாங்கன்னு எழுதிக்கறேன். கேசு கீசு ஒண்ணும் வராது."

"பல்வலின்னு எழுதிக்குங்க" என்றேன்.

"வயித்துவலிதானுங்க வழக்கம்" என்றார் அவர், மிகுந்த பரிவோடு.

நம் ஊர்ச் செய்தித்தாள்களைப் படிப்பவர்களுக்கு அந்த வயிற்றுவலி தெரியும். கிணற்றில் குதித்த பெண்ணுக்கும் அதுதான், மருந்து குடித்த பெண்ணுக்கும் அதுதான். தீராத வயிற்றுவலி. எல்லாருக்கும் தெரிந்த பொய். எல்லாரையும் காப்பாற்றுகிற பொய். நான் சொன்ன உண்மையோ, ஓர் உறுப்பு மட்டும் மாறி, அந்தப் பொய்யின் வடிவிலேயே இருந்தது. வலி தாங்காமல், அளவு தெரியாமல். அப்படியேதான் நடந்தது. பல ஆண்டுகளாக எல்லாரும் அந்த வாக்கியத்தை எழுதி எழுதியே, உண்மையில் அப்படி நடந்தால் யாரும் நம்பாதபடி ஆக்கிவிட்டிருக்கிறார்கள்.

அம்மா கையெழுத்துப் போட்டார். அன்று மாலை முதல், பார்க்க வந்த உறவினர் அனைவரிடமும், "வயித்துவலிங்க" என்றே சொன்னார். என் காது கேட்கத்தான் சொன்னார். ஆப்பிளும் சாத்துக்குடியும் கொண்டுவந்தவர்கள், "ஆமாங்க, இந்தக் காலத்துல எல்லாத்துக்கும் வருது" என்று சொல்லிவிட்டு என் முகத்தைச் சற்று அதிகமாகப் பார்த்தார்கள். ஒரு பெரியம்மா மட்டும் என் காதருகே குனிந்து, "ஆருடா கண்ணு அது?" என்று கேட்டார். அவர் கேட்டதில் கோபம் இல்லை. உதவ வேண்டும் என்ற எண்ணம்தான் இருந்தது.

அண்ணன் மட்டும் என் பக்கம் இருந்தான். கடைக்காரரைக் கூட்டிவந்து, செட்டு போட்டுக் கொடுத்தது தான்தான் என்று மருத்துவரிடம் சொல்ல வைத்தால் முடிந்தது என்றான். ஐந்தாம் நாள் போனான். மாலைவரை காத்திருந்தேன். வந்தவன் கட்டிலருகே வராமல் சன்னல் பக்கம் போய் நின்றான். கடைக்காரர், மருத்துவர் சீட்டு இல்லாமல் தான் எந்த மாத்திரையும் கொடுப்பதில்லை என்று சொல்லியிருக்கிறார். அப்படி ஒரு பெண் வந்ததாகவே நினைவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். கடையில் நான்கு பேர் நின்றிருந்தார்களாம்.

"அவரு பொய் சொல்றாருங்கண்ணா" என்றேன்.

"அவரு பயந்துட்டாரு" என்றான் அண்ணன். பிறகு, "வுடு, எதுவோ ஆச்சு. நீ பொழச்சுக்கிட்டா போதும்" என்றான்.

எதுவோ ஆச்சு. அந்தச் சொல்லோடு அவனும் போய்விட்டான்.

அதன்பின் எனக்குக் கிடைத்த அன்பை எழுத வேண்டும். அதைப்போல் என்னை வருத்தியது வேறில்லை. அப்பா பட்டறையை மூடிவிட்டு ஒவ்வொரு நாளிலும் பாதியை என் கால்மாட்டில் கழித்தார். அம்மா சோற்றைப் பிசைந்து ஊட்டினார். எனக்கு இருபத்திரண்டு வயது. குளியலறைக் கதவை நான் சாத்தினால் வெளியே நின்று ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார்; நான் பதில் சொல்லும்வரை நிறுத்த மாட்டார். பழம் நறுக்கும் கத்தி, வேலை முடிந்ததும் அவருடைய முந்தானைக்குள் போய்விடும். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. ஒருமுறை யாராவது என்னை, அறிவு கெட்டவளே, படித்தும் இதைப் பார்க்கவில்லையா என்று கேட்டிருந்தால், நான் எழுந்து உட்கார்ந்து அழுதிருப்பேன். அது நான் செய்த தவறு. அதற்கு என்னிடம் பதில் இருந்தது. செய்யாத ஒன்றை மன்னித்துவிட்டவர்களிடம் எனக்குப் பேச வார்த்தை இல்லை.

ஏழாம் நாள் இரத்தம் உறையும் நேரம் இருபத்தெட்டு நொடிக்கு இறங்கியது. ஒன்பதாம் நாள் பத்தொன்பது. பெரிய மருத்துவர் மாணவர்களைக் கூட்டிவந்து என்னைக் காட்டினார். என் நட்சத்திரம் மீண்டும் மூடிக்கொண்டது. எல்லாரும் மகிழ்ந்தார்கள். நானும் மகிழ வேண்டும் என்று முயன்றேன்.

ஒன்பதாம் நாள் காலையிலிருந்து அப்பாவைக் காணவில்லை. பிற்பகலில் வந்தார். வெளுத்த வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. நல்ல காரியத்துக்கு உடுத்துவது.

"ஈரோட்டுக்குப் போயிட்டு வந்தேன் அம்மணி" என்றார்.

எதற்கு என்று கேட்டேன்.

"அவீங்ககிட்டப் பேசி முடிச்சுப்போட்டேன். பொண்ணு இன்னும் படிக்கோணுங்கறா, நீங்க வேற எடம் பாத்துக்குங்கன்னு சொன்னேன். அவீங்களும் ஒண்ணும் சொல்லலை. மாப்பிள்ளைதான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து ஏத்தியுட்டாரு." துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "புடிக்கலைன்னு ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல கண்ணு. நான் என்ன உன்னையக் கட்டிப்போட்டா குடுத்துருவேன்?"

என் வாழ்நாளில் அப்பாவிடம் நேராகப் பார்த்து நான் சொன்னது அதிகமில்லை. அன்று சொன்னேன்.

"எனக்கு அவரைப் புடிச்சிருந்துச்சுங்கப்பா. பல்லுதானுங்க வலிச்சுது."

அவர் என் தலையில் கை வைத்தார். இயந்திர எண்ணெய் படிந்து கறுத்த, கடினமான கை. "செரி கண்ணு, செரி" என்றார். தன்னை நோகடிக்க மனமில்லாமல் மகள் இப்படிச் சொல்கிறாள் என்ற பெருமிதம்கூட அந்தக் குரலில் இருந்தது. "இனி அதையப் பத்தி ஆரும் பேச மாட்டாங்க. நீ தூங்கு."

மறுநாள், வழக்கப்படி, ஒரு மனநல மருத்துவர் வந்தார். முக்கால் மணி நேரம் இருந்தார். அனைத்தையும் கேட்டபின், வாயைத் திறக்கச் சொல்லிக் கைவிளக்கு அடித்துப் பார்த்தார். அந்தப் பல்லைப் பார்க்க வேண்டும் என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். "அடேயப்பா, இத வெச்சுக்கிட்டு எப்படிங்க இருந்தீங்க" என்றார். கோப்பில் எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்: தற்செயல்; பல்வலி; நோன்பு; ஒரே மருந்து பல பெயர்களில். அந்த நான்கு குறிப்புகளைக் கேட்டு அழுதேன். பிறகு வீட்டாரை அழைத்து அதையே சொன்னார். அப்பா எழுந்து நின்று கைகூப்பிக் கேட்டுக்கொண்டார். அவர் போனபின் அம்மா, "நல்ல டாக்டருங்க. நம்ம மானத்தக் காப்பாத்திப்போட்டாரு" என்றார்.

இரத்தம் சரியாக உறையத் தொடங்கிய பின், மருத்துவமனையிலேயே பல்லை எடுத்தார்கள். மூன்று வேர், ஒன்றின் நுனி கறுத்து ஓட்டையாக இருந்தது. பஞ்சில் சுற்றித் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டேன். அப்பாவிடம் விரித்துக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "பத்தரமா வெச்சுக்க கண்ணு" என்று மறுபடியும் பஞ்சில் சுற்றி என் கையில் கொடுத்தார்.

பதினான்காம் நாள் காலை வீட்டுக்கு வந்தோம். ஆலாத்தி எடுத்தார்கள். அம்மா என் அறையைக் கழுவி, புதுப்பாய் விரித்து, புத்தகங்களை அடுக்கி வைத்திருந்தார். உடை மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். தாழிடக் கையை உயர்த்தினேன். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் மரம் வழவழப்பாக இருந்தது.

அப்பா கைவேலை தெரிந்தவர். திருகாணி இருந்த நான்கு துளைகளையும் மக்கு வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கதவின் நிறத்திலேயே வண்ணம் பூசியிருந்தார். தெரியாதவர் பார்த்தால் அங்கே ஒன்று இருந்ததாகவே சொல்ல முடியாது. விரலை வைத்துப் பார்த்தேன். வண்ணம் இன்னும் காய்ந்திருக்கவில்லை.